மதியச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம்

சாப்பிட்டு எழுந்ததும் வயிறு உப்பி ஏப்பமாக வரும். ஓமத் தண்ணீர், இஞ்சிச்சாறு எல்லாம் குடித்துப் பார்த்தாச்சு. காரணம் வேகம்தான். இரண்டு மீட்டிங்குக்கு நடுவே அள்ளிப் போட்டால் சோற்றோடு காற்றையும் விழுங்குகிறோம். வயிறு நிறைந்தது மூளைக்கு உறைக்கச் சுமார் 20 நிமிடம் ஆகும் என்பதால் அதற்குள் இரண்டு கரண்டி கூடுதலாகவே உள்ளே போயிருக்கும். மெல்லச் சாப்பிடு என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டால் நடக்காது, ஆபீஸ் காலண்டரில் அரைமணி நேரத்தை அடைத்து வைத்ததுதான் உதவியது. அப்புறம், ஸ்பூனை விட்டுக் கையால் சாப்பிடுகிறேன், போன் வேறு அறையில், ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்த உருண்டை. இப்போது உப்புசம் கல்யாணப் பந்தியில் மட்டும்தான். அங்கே நாற்காலிக்குப் பின்னாலேயே அடுத்த ஆள் நிற்கிறாரே, என்ன செய்ய?