குடல் பக்டீரியாவும் மூளை வருத்தமும்: எங்கட வன்னி வீடுகளில விடுற பிழையள்

"குடலைக் கழுவினா மறதி போகும், கைநடுக்கம் நிக்கும்" எண்டு வட்ஸ்அப்பில ஏதாவது ஒண்டு எப்பவும் சுத்திக்கொண்டுதான் இருக்கு. அதில உண்மை ஒண்டுமே இல்லை எண்டு சொல்ல மாட்டன், ஆனா அதைக் கேட்டுப்போட்டு வீட்டில இருக்கிற அம்மம்மாவுக்கும் அப்பப்பாவுக்கும் எங்கட ஆக்கள் செய்யிற சில வேலையளைப் பாக்கேக்க வயிறு பத்தி எரியுது.

முதல்ல உண்மை எவ்வளவு எண்டு பாப்பம். கைநடுக்கமும் உடம்பு இறுக்கமும் வாற பார்க்கின்சன் வருத்தத்தில மூளைக்குள்ள அல்ஃபா சினுக்ளின் எண்ட புரதம் கட்டிபடுது. அந்தக் கட்டி சில பேருக்குக் குடல் நரம்பில தொடங்கி, வேகஸ் எண்ட நரம்பு வழியா மேல மூளைக்கு ஏறியிருக்கலாம் எண்டு ஜேர்மனியில ஹைக்கோ பிராக் எண்டவர் 2003 இல சொன்னவர். பிறகு 2016 இல அமெரிக்காவில கல்டெக் எண்ட பல்கலைக்கழகத்தில, இந்தப் புரதம் கூடச் சுரக்கிற எலியளுக்கு பார்க்கின்சன் ஆக்களின்ர குடல் பக்டீரியாவைக் குடுத்துப் பாத்தவை, சுகமான ஆக்களின்ர பக்டீரியா குடுத்த எலியளை விட அதுகளுக்கு அசைவுப் பிரச்சினை கூடினது. அல்சைமர் எண்ட மறதி நோய் இருக்கிற ஆக்களின்ர குடல் பக்டீரியாவும் மற்ற ஆக்களின்ரயில இருந்து வித்தியாசமாத்தான் இருக்கு, ஆனா வருத்தத்தால பக்டீரியா மாறினதோ பக்டீரியாவால வருத்தம் வந்ததோ எண்டது இன்னும் முடிவாகேல்லை. எலியில கண்டதை வைச்சு மனிசருக்கு வைத்தியம் செய்ய வெளிக்கிடுறதுதான் பிழையின்ர தொடக்கம்.

ஆகப் பெரிய பிழை மலச்சிக்கலை "வயசு போனா அப்பிடித்தானே" எண்டு விடுறது. பார்க்கின்சன் வாற ஆக்களில கனபேருக்கு கை நடுங்கிறதுக்கு வருசக்கணக்கில முந்தியே வயிறு இறுகத் தொடங்கியிருக்கும். அதோட மணம் தெரியாமல் போறது, நித்திரையில கத்துறது, கையைக் காலை எறியிறது, எழுத்து வரவரச் சின்னனாகிறது, குரல் அடங்கிறது, இதுகளும் சேந்து இருந்தா பேசாமல் இருக்கக்கூடாது, டொக்டரிட்டச் சொல்லவேணும். மலச்சிக்கல் இருக்கிற எல்லாருக்கும் பார்க்கின்சன் வரப்போறதில்லை, அதுக்காகப் பயப்பிட வேண்டாம். எங்கட பக்கத்து வெயிலுக்கு குடிக்கிற தண்ணி காணாமலே கனபேருக்கு வயிறு இறுகும். கக்கூஸ் வளவின்ர பின்பக்கம் இருக்கிற வீடுகளில, இரவில இருட்டுக்க எழும்பிப் போகப் பயந்து பின்னேரத்துக்குப் பிறகு ஒரு வாய் தண்ணி குடிக்காத அம்மாமார் எத்தினை பேர், அதுக்கு ஒரு லைட்டும் பிடிச்சு நடக்க ஒரு கம்பியும் போட்டுக் குடுத்தாலே பாதி அலுவல் முடிஞ்சுது. ஆனா சிறுநீரக வருத்தம் இருக்கிற ஆக்களுக்கு, அது எங்கட பக்கம் கனக்க, எவ்வளவு தண்ணி குடிக்கலாம் எண்டு கிளினிக்கில கேட்டுத்தான் குடுக்கவேணும்.

அடுத்தது பேதிக்குக் குடுக்கிறது. 75 வயசு ஆளுக்கு குடலைச் சுத்தமாக்கிறன் எண்டு பேதி மருந்து குடுத்தா உடம்பில இருக்கிற தண்ணியும் உப்பும் போய், தலை சுத்தி விழுந்து இடுப்பெலும்பு முறியும், இல்லாட்டி திடீரெண்டு ஆள் மாறி உளறத் தொடங்கும், அதைப் பாத்து "அறளை கூடிப்போச்சு" எண்டு நினைக்கினம். கெட்ட பக்டீரியாவை மட்டும் பாத்துக் கழுவிற மருந்து எண்டு ஒண்டும் இல்லை.

குளிசை விசயத்தில விடுற பிழையளைக் கொஞ்சம் விரிவாச் சொல்லவேணும். பார்க்கின்சனுக்குக் குடுக்கிற லெவோடோபா குடலிலதான் உறிஞ்சப்படுது, மீன், இறைச்சி, முட்டை, பருப்பு, தயிர் இதுகளில இருக்கிற புரதமும் அதே வழியாலதான் உள்ள போகுது, ரெண்டும் ஒண்டா வந்தா குளிசைக்கு இடம் கிடைக்காது. அதால சாப்பிட அரை மணித்தியாலத்துக்கு முந்தி, இல்லாட்டி சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழிச்சுப் போடுறது நல்லது. மீனையும் முட்டையையும் நிப்பாட்டச் சொல்லேல்லை, அப்பிடி நிப்பாட்டி ஆள் எலும்பும் தோலுமாப் போறதும் பிழைதான். இரும்புச்சத்துக் குளிசையையும் லெவோடோபாவையும் சேத்துப் போடக்கூடாது. குடலில இருக்கிற என்டரோகொக்கஸ் ஃபீக்காலிஸ் எண்ட பக்டீரியா இந்த மருந்தை மூளைக்குப் போக முந்தியே மாத்திப்போடும் எண்டு 2019 இல கண்டுபிடிச்சவை. இதைக் கேட்டுப்போட்டு "அப்ப குளிசை வேலை செய்யாதாம்" எண்டு நிப்பாட்ட வேண்டாம், திடீரெண்டு நிப்பாட்டினா உடம்பு விறைச்சுக் காய்ச்சல் வந்து உயிருக்கே ஆபத்தாகும். பூனைக்காலி விதையில இயற்கையாவே லெவோடோபா இருக்கு, உண்மைதான், அதுக்காகக் குளிசையோட அந்தத் தூளையும் சேத்துக் குடுத்தா அளவு கூடிப்போகும். இன்னொண்டு, சத்திக்கும் வயித்துப் பிரட்டலுக்கும் பாமசியில வேண்டிற மெட்டோகுளோப்ரமைட் பார்க்கின்சன் ஆக்களுக்கு ஆகாது, நடுக்கத்தையும் இறுக்கத்தையும் கூட்டும். எந்தக் கடைக்குப் போனாலும் கிளினிக் கொப்பியைக் கையில கொண்டு போங்கோ.

புரோபயோட்டிக் எண்டு விலை கூடின டப்பா வேண்டிறதைப் பற்றிக் கனக்கச் சொல்ல ஒண்டுமில்லை. மூளை வருத்தத்தை மாத்தும் எண்டு காட்டின ஒண்டும் அதில இல்லை. சட்டித் தயிர், பழஞ்சோறு, குரக்கன், கீரை, கௌபி, பயறு இதுகள் குடலுக்கு நல்லம், சாப்பிடுங்கோ, ஆனா மருந்துக்குப் பதிலா இல்லை. சுகமான ஆளின்ர மலத்தில இருந்து பக்டீரியா எடுத்து ஏத்திற முறையும் இருக்கு, பார்க்கின்சனுக்கு அதைச் செய்து பாத்த ரெண்டு ஆய்வு 2024 இல வந்தது, பெல்ஜியத்தில கொஞ்சம் குணம் தெரிஞ்சது, பின்லாந்தில பெருசா ஒண்டும் தெரியேல்லை. வீட்டில செய்து பாக்கிற விசயம் இல்லை உது. சாதாரண தடிமனுக்கு அண்டிபயோட்டிக் கேட்டு அடம்பிடிக்கிறதையும் விடுங்கோ, அது குடலில இருக்கிற நல்லதையும் சேத்துத்தான் கொல்லும்.

எல்லாத்தையும் குடலில போட்டுப்போட்டு மற்றதைப் பாக்காமல் விடுறது எனக்கு ஆகக் கவலையான பிழை. லான்செட் எண்ட மருத்துவ சஞ்சிகையின்ர நிபுணர் ஆணைக்குழு 2024 இல 14 காரணங்களைச் சொல்லிச்சுது, அதுகளைச் சரிக்கட்டினா உலகத்தில வாற மறதி நோயில கிட்டத்தட்ட 45 வீதத்தைத் தடுக்கலாம், இல்லாட்டிப் பிந்தப் பண்ணலாம் எண்டு. பிரஷர், சீனி வருத்தம், கொலஸ்ட்ரோல், சிகரெட், காது கேளாமை, கண் தெரியாமை, தலைக்காயம், தனிமை எல்லாம் அதில இருக்கு. 2009 வரைக்கும் ஷெல்லுக்கு நடுவில கிடந்த சனம் நாங்கள், தலையில காயப்பட்ட ஆக்களும் காது அடைச்ச ஆக்களும் பிள்ளையளை இழந்து தனிச்சுப்போன ஆச்சிமாரும் எங்கட ஒவ்வொரு ஊரிலயும் இருக்கினம். அவைக்குக் காதைச் சோதிச்சு மெசின் எடுத்துக் குடுக்கிறதும் பக்கத்தில இருந்து கதைக்கிறதும் தயிரை விட மூளைக்கு உதவும். சீனிக்கு மெட்ஃபோர்மின் கனகாலம் போடுற ஆளுக்கு மறதி வந்தா பி12 குறைஞ்சிருக்குதோ எண்டு பாக்கச் சொல்லுங்கோ, அது ஊசி போட்டுச் சரிப்படுத்தக்கூடிய மறதி.

வயலில மருந்தடிக்கிறதையும் சொல்லவேணும். பரகுவாட் எண்ட களைநாசினிக்கும் பார்க்கின்சனுக்கும் தொடர்பு இருக்கு எண்டு கனக்க ஆய்வு சொல்லுது, இலங்கையில அதை 2008 இல இருந்து 2011 வரைக்குள்ள கட்டங்கட்டமா நிப்பாட்டினவை. அதுக்கு முந்தி அதைத் தோளில காவி அடிச்ச ஐயாவுக்கு நடையோ கையோ மாறுது எண்டா, கிளினிக்கில அதையும் மறக்காமல் சொல்லுங்கோ. இப்ப அடிக்கிற பெடியள் மற்ற மருந்துகளுக்கும் கையுறையும் மாஸ்க்கும் போடவேணும், தாங்கியைக் கிணத்தடியில கழுவக்கூடாது, அடிச்ச உடுப்பை வீட்டு உடுப்போட சேத்துத் தோய்க்கவும் கூடாது.