பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனைக்குச் செல்லும் முன்

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பியின் நிலையை அறிய உதவும் பி.எஸ்.ஏ. (அச்சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதம்) இரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. ஆனால் அதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் விந்து வெளியேறுவதையும் நெடுந்தூரம் சைக்கிள் மிதிப்பதையும் தவிர்க்க வேண்டும், ஏனெனில் இவை பி.எஸ்.ஏ. அளவைத் தற்காலிகமாக உயர்த்தக்கூடும். சிறுநீர்த் தொற்று இருந்திருந்தால், அது குணமாகி ஆறு வாரம் கழித்துச் செல்வதே நல்லது.

புராஸ்டேட் வீக்கத்துக்கோ முடி உதிர்வுக்கோ தரப்படும் பினாஸ்டிரைடு அல்லது டூட்டாஸ்டிரைடு மாத்திரையைப் பல மாதங்களாக உட்கொள்பவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அம்மாத்திரைகள் பி.எஸ்.ஏ. அளவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துவிடுவதால், அறிக்கையில் 3 என்று காண்பது உண்மையில் 6-க்கு நிகராக இருக்கலாம். இதைச் சொல்லாமல் விடுவது மிகவும் ஆபத்தானது.

அளவு கூடியிருந்தால் உடனே புற்றுநோய் என்று கலங்க வேண்டாம்; வயதினால் வரும் சுரப்பி வீக்கத்திலும் அது உயரும். மறுபரிசோதனை, எம்.ஆர்.ஐ. ஸ்கேன், தேவைப்பட்டால் பயாப்ஸி (சிறு திசுவை எடுத்துச் சோதிப்பது) என்று மருத்துவர் படிப்படியாக முடிவெடுக்க, பழைய அறிக்கைகளைத் தேதிவாரியாக எடுத்துச் செல்லுங்கள்.