பேரவையில் நிறைவேறினால் சட்டமாகிவிடுமா? சட்டமுன்வடிவுகளைப் பின்தொடர்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையில் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தும் முன்வடிவு குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. தமிழ்நாட்டில் இனிப் பன்னிரண்டு மணி நேர வேலைதான் என்ற பேச்சு அன்று மாலைக்குள் எங்கும் பரவிவிட்டது. ஏப்ரல் 24 அன்று அரசு அந்த முன்வடிவின் மீதான நடவடிக்கையை நிறுத்திவைத்தது. மே நாளன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். இடைப்பட்ட நாள்களில் ஒரு நாள்கூட அது சட்டமாக இருக்கவில்லை. ஆனாலும் அந்தச் சட்டம் வந்தது, பிறகு ரத்தானது என்றே பலர் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். பேரவையில் நிறைவேறுவதையும் சட்டமாவதையும் ஒன்றாகக் கருதுவதே ஒரு கூட்டத்தொடரைப் பின்தொடர்பவர்கள் செய்யும் முதல் தவறு. மற்றத் தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே பிறக்கின்றன.

மசோதா என்று நாளிதழ்கள் எழுதும் சட்டமுன்வடிவை முதலில் துறை அமைச்சர் அறிமுகம் செய்கிறார். பின்னர் அதை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முன்மொழிகிறார். பொது விவாதமும் பிரிவுவாரியான ஆய்வும் முடிந்த பிறகு அதை நிறைவேற்றித் தரும்படி கோருகிறார். விரிவாக ஆராய உறுப்பினர்கள் சிலர் அடங்கிய தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வழி இருந்தாலும், நடைமுறையில் அது மிகவும் அரிதாகிவிட்டது. இதைக் கவலைக்குரிய குறையாகவே நான் கருதுகிறேன். 1986 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் மேலவை இல்லை. ஆகவே, பொது அறிவு நூல்களில் காணப்படும் இரு அவை நடைமுறையை இங்கே பொருத்திப் பார்ப்பது பிழை. பேரவை நிறைவேற்றிய முன்வடிவு நேரே ஆளுநரிடம் செல்கிறது. அவர் ஒப்புதல் அளித்து அரசிதழில் வெளியான பிறகே அது சட்டம்.

உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்தால் முன்வடிவு வலுவிழக்கும் என்று நம்புவோரும் இருக்கிறார்கள். அவையில் இருந்து வாக்களிப்போரின் பெரும்பான்மையே முடிவைத் தீர்மானிக்கிறது. வெளியேறியவர் எதிர்ப்பைப் பதிவு செய்கிறாரே தவிர, எதிர்வாக்கைப் பதிவு செய்வதில்லை. தொழிற்சாலைகள் சட்டத் திருத்தத்தின்போது அன்றைய ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன, முன்வடிவு நிறைவேறியது. குரல் வாக்கெடுப்பில் ஆதரவும் எதிர்ப்பும் ஒலியால் அளக்கப்படுவதால் உறுப்பினர்களின் பெயர்கள் பதிவாவதில்லை. தம் தொகுதி உறுப்பினர் எப்பக்கம் நின்றார் என்று அறிய விரும்புகிறவர் அவைக் குறிப்பில் அவருடைய உரையைத்தான் தேட வேண்டும்.

முன்வடிவின் பெயரையும் அதன் நோக்க காரண விளக்கவுரையையும் மட்டும் படித்துவிட்டு நிறுத்துவது இதைவிடப் பெரிய தவறு. விளக்கவுரை, அரசு தன் நோக்கத்தைத் தன் சொற்களில் கூறும் பகுதி. சட்டமாகப்போவது அதன் முன்னுள்ள பிரிவுகள்தாம். திருத்தச் சட்டமுன்வடிவாக இருந்தால் அந்தப் பிரிவுகளைப் படிப்பதும் போதாது. மேற்சொன்ன தொழிற்சாலைகள் திருத்தத்தின் உயிர்நாடி, 1948ஆம் ஆண்டின் மூலச் சட்டத்தில் 65-அ என்ற புதிய பிரிவைச் சேர்ப்பதாக இருந்தது. எந்தத் தொழிற்சாலைக்கும் அல்லது தொழிற்சாலை வகைக்கும் 51, 52, 54, 55, 56, 59 ஆகிய பிரிவுகளிலிருந்து விலக்களிக்கும் அதிகாரத்தை அது அரசுக்குத் தர முனைந்தது. இந்த எண்களைத் தனியே பார்ப்பவருக்கு எதுவும் விளங்காது. மூலச் சட்டத்தை அருகில் வைத்துப் படித்தால்தான் 51 என்பது வாரத்துக்கு 48 மணி நேர உச்சவரம்பு, 52 என்பது வார விடுமுறை, 54 என்பது நாளுக்கு ஒன்பது மணி நேர வரம்பு, 55 என்பது இடைவேளை, 59 என்பது மிகுநேர வேலைக்கான இரட்டிப்பு ஊதியம் என்று புரியும். அன்றைய விவாதம் பன்னிரண்டு மணி நேரம் என்ற ஒற்றை எண்ணைச் சுற்றியே நடந்தது. வார விடுமுறையும் மிகுநேர ஊதியமும் அதே பட்டியலில் இருந்தன என்பது பொதுப்பேச்சில் போதிய அளவு இடம்பெறவில்லை. ஒரு முன்வடிவை எதிர்ப்பதானாலும் ஆதரிப்பதானாலும் அதன் முழு வீச்சை அறிந்து செய்வதே உழைப்பவர்களுக்கு நாம் செய்யும் நியாயம்.

அதே ஏப்ரல் 21 அன்று, சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டமுன்வடிவும் விவாதமின்றி நிறைவேறியது. பெருந்திட்டங்களுக்குரிய நிலப்பரப்பில் அமையும் நீர்நிலைகளோடும் ஓடைகளோடும் தொடர்புடைய அந்தச் சட்டம் குறித்து, அது நிறைவேறிய பிறகுதான் பல விவசாய அமைப்புகளும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் விரிவாகப் பேச நேர்ந்தது. கூட்டத்தொடரின் கடைசி நாளில் பல முன்வடிவுகள் அடுத்தடுத்து எடுத்துக்கொள்ளப்படும்போது, செய்தியில் பெரிதாக வந்த ஒன்றை மட்டும் கவனிப்பது ஆபத்தானது. அன்றைய நிகழ்ச்சி நிரலில் உள்ள எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும்.

பேரவையில் நிகழும் வேறு செயல்களைச் சட்டமுன்வடிவோடு கலந்துவிடுவதும் அடிக்கடி நேர்கிறது. பேரவை விதிகளில் 110-ஆவது விதியின்கீழ் முதலமைச்சர் வெளியிடும் அறிவிப்பு அரசின் அறிவிப்பு மட்டுமே. அதன் மீது விவாதமும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. அரசு கொண்டுவரும் தனித் தீர்மானம் அவையின் கருத்தைச் சொல்கிறது. 2021 ஆகஸ்ட் 28 அன்று மூன்று வேளாண் சட்டங்களுக்கு எதிராக நிறைவேறிய தீர்மானமும், 2025 ஏப்ரல் 2 அன்று கச்சத்தீவு குறித்து நிறைவேறியதும் இவ்வகையின. அவற்றுக்கு அரசியல் எடை உண்டு, சட்ட விளைவு இல்லை. துறைகளின் கொள்கை விளக்கக் குறிப்பும், துறைச் செலவுக்கு அவையின் இசைவைக் கேட்கும் மானியக் கோரிக்கையும் வேறு. மானியக் கோரிக்கைகள் நிறைவேறிய பின் வரும் நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவே அரசின் தொகுநிதியிலிருந்து பணமெடுக்க அதிகாரம் தருகிறது.

அவசரச் சட்டத்தைப் பற்றிய பிழையான புரிதல் இதைவிடத் தீங்கானது. பேரவை கூட்டத்தொடரில் இல்லாதபோது அரசமைப்பின் 213-ஆவது பிரிவின்கீழ் ஆளுநர் பிறப்பிக்கும் அவசரச் சட்டம், பேரவை மீண்டும் கூடிய நாளிலிருந்து ஆறு வாரங்களில் தானாகவே காலாவதியாகிவிடும். இணையவழிச் சூதாட்டத் தடை இதற்குத் தெளிவான சான்று. 2022 அக்டோபர் தொடக்கத்தில் அவசரச் சட்டம் வந்தது. அக்டோபர் 17 அன்று பேரவை கூடி, 19 அன்று அதற்குரிய சட்டமுன்வடிவை நிறைவேற்றியது. அதற்கு ஒப்புதல் கிடைக்காத நிலையில் நவம்பர் இறுதியில் அவசரச் சட்டம் காலாவதியானது. மார்ச் மாதம் ஆளுநர் முன்வடிவைத் திருப்பி அனுப்ப, பேரவை 2023 மார்ச் 23 அன்று அதை மீண்டும் நிறைவேற்ற, ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. நவம்பர் இறுதி முதல் ஏப்ரல் வரை நான்கு மாதங்களுக்கும் மேலாக அந்தத் தடை நடைமுறையில் இல்லை. தடை வந்துவிட்டது என்று அக்டோபரில் படித்து அமைதியடைந்த பெற்றோர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்?

ஆளுநர் ஒரு முன்வடிவை என்ன செய்தார் என்பதைச் சொல்வதில்தான் செய்திகளும் வாசகர்களும் மிகுதியாகத் தடுமாறுகிறார்கள். ஒப்புதல் அளிப்பது, அவைக்குத் திருப்பி அனுப்புவது, குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கிவைப்பது, எந்த முடிவும் எடுக்காமல் வைத்திருப்பது ஆகிய நான்கும் வெவ்வேறானவை. இவற்றில் பின் மூன்றையும் ஆளுநர் நிராகரித்தார் என்ற ஒரே சொற்றொடரில் அடக்கிவிடக் கூடாது. அடுத்து என்ன நடக்கலாம் என்பது அவர் எதைச் செய்தார் என்பதைப் பொறுத்தே அமைகிறது. திருப்பி அனுப்பியிருந்தால், பேரவை திருத்தத்துடனோ திருத்தம் இல்லாமலோ அதை மீண்டும் நிறைவேற்றி அனுப்பலாம். அப்போது அவர் ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது என்று 200-ஆவது பிரிவு கூறுகிறது. வரி, அரசுச் செலவு போன்றவற்றை மட்டும் கையாளும் பணச் சட்டமுன்வடிவைத் திருப்பி அனுப்ப அவருக்கு அதிகாரமே இல்லை. குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கிவைத்திருந்தாலோ, விவகாரம் 201-ஆவது பிரிவுக்குள் சென்றுவிடுகிறது. அங்கே குடியரசுத் தலைவர் திருப்பி அனுப்பியதைப் பேரவை மறுபடி நிறைவேற்றினாலும் ஒப்புதல் தந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்த ஒரு வேறுபாட்டை அறியாததால்தான், நீட் விலக்குச் சட்டமுன்வடிவு 2022 பிப்ரவரி 8 அன்று இரண்டாம் முறை நிறைவேறியபோது, இனி விலக்கு உறுதி என்று பலர் எதிர்பார்த்தார்கள். அது குடியரசுத் தலைவருக்கு அனுப்பப்பட்டது. ஒப்புதல் மறுக்கப்பட்டதை 2025 ஏப்ரல் 4 அன்று முதலமைச்சர் பேரவையில் தெரிவித்தார்.

இதற்கு முன்பு 2017 பிப்ரவரியில் நிறைவேறிய இரு நீட் முன்வடிவுகளின் கதை இன்னும் வேதனையானது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் 2017 செப்டம்பரிலேயே நிறுத்திவைக்கப்பட்டுவிட்டது என்பதைப் பொதுமக்கள் 2019 ஜூலையில், சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒன்றிய அரசு தெரிவித்த பிறகே அறிந்தார்கள். அந்த இடைவெளியில் மாணவர்கள் ஒரு முடிவுக்காகக் காத்திருந்தார்கள்; முடிவோ ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தது. நிலுவையில் உள்ளது என்ற சொல்லை எந்த முன்வடிவைப் பற்றியும் எழுதும் முன், எந்த அலுவலகத்தில், எந்த நாளிலிருந்து என்று கேட்பது அவசியம்.

ஆளுநருக்குக் கால வரம்பு உண்டா என்ற கேள்விக்குப் பழைய விடையைத் தருவதும் இப்போது பரவலாகக் காணும் தவறு. 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, தமிழ்நாட்டின் பத்துச் சட்டமுன்வடிவுகள் ஒப்புதல் பெற்றதாகக் கருதப்படும் என்று 142-ஆவது பிரிவைப் பயன்படுத்தித் தீர்ப்பளித்து, எதிர்காலத்துக்குக் கால வரம்புகளையும் வகுத்தது. ஏப்ரல் 11 அன்று அந்தப் பத்தும் சட்டங்களாக அரசிதழில் வெளியாயின. அதன் பிறகு குடியரசுத் தலைவர் அனுப்பிய வினாக்களுக்கு, ஐந்து நீதிபதிகள் அமர்வு 2025 நவம்பர் 20 அன்று கருத்துரை வழங்கியது. ஆளுநருக்கோ குடியரசுத் தலைவருக்கோ நீதிமன்றம் கால வரம்பு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதும் முறையும் ஏற்கத்தக்கதன்று, அதே வேளையில் அவைக்குத் திருப்பி அனுப்பாமல் ஒப்புதலை வெறுமனே நிறுத்திவைப்பதும் கூடாது, காரணமின்றி நீண்டகாலம் முடிவெடுக்காதிருந்தால் முடிவெடுக்கும்படி வரையறுத்த அளவில் நீதிமன்றம் பணிக்கலாம் என்பது அதன் சாரம். ஏப்ரல் தீர்ப்பை மட்டும் மேற்கோள் காட்டி மூன்று மாதக் கெடு உண்டு என்று எழுதுகிறவர்கள் வாசகரைத் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள்.

பேரவை கலைக்கப்பட்டால் எல்லா முன்வடிவுகளும் காலாவதியாகிவிடும் என்பது அரைகுறை உண்மை. கூட்டத்தொடர் முடித்துவைக்கப்படுவதால் எந்த முன்வடிவும் காலாவதியாவதில்லை. பேரவை கலைக்கப்படும்போது, அதன் முன் நிலுவையில் இருப்பவை காலாவதியாகும். ஆனால் பேரவை நிறைவேற்றி, ஆளுநரிடமோ குடியரசுத் தலைவரிடமோ ஒப்புதலுக்காகக் காத்திருப்பவை உயிரோடு இருக்கும். கேரளத்தின் வேளாண் உறவுகள் சட்டமுன்வடிவு தொடர்பான வழக்கில் 1961ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. மேற்சொன்ன பத்து முன்வடிவுகளில் இரண்டு, 2020இல் அப்போதைய அ.தி.மு.க. ஆட்சியின்போது பேரவை நிறைவேற்றியவை. நடுவே ஒரு பொதுத் தேர்தல் நடந்து ஆட்சியே மாறியும் அவை அழியவில்லை.

ஒப்புதல் கிடைத்த நாளே நடைமுறைக்கு வந்த நாள் என்று கொள்வதும் கூடாது. அரசு அறிவிக்கையால் குறிக்கும் நாளில் நடைமுறைக்கு வரும் என்று பல சட்டங்கள் முதல் பிரிவிலேயே கூறுகின்றன. சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகள், கடமைகள் குறித்த சட்டம் 2017ஆம் ஆண்டுச் சட்டமாக எண்ணிடப்பட்டிருந்தாலும், 2019 பிப்ரவரி 22 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தத் தகராறில் சிக்கிய ஒருவர் 2017 என்ற ஆண்டை மட்டும் நம்பிச் செயல்பட்டால் நட்டம் அவருக்கே. முன்வடிவின் ஆண்டும் சட்டத்தின் ஆண்டும் வேறுபடலாம் என்பதையும் இதனோடு சேர்த்து நினைவில் கொள்ள வேண்டும்: 2022இல் பேரவைக்கு வந்த இணையவழிச் சூதாட்டத் தடை முன்வடிவு, 2023ஆம் ஆண்டின் 9-ஆவது தமிழ்நாடு சட்டமானது. அரசிதழைத் தேடுவோருக்கு ஒரு குறிப்பு: சட்டமுன்வடிவுகள் அரசிதழின் நான்காம் பகுதி முதல் பிரிவிலும், சட்டங்களும் அவசரச் சட்டங்களும் இரண்டாம் பிரிவிலும் வெளியாகின்றன. எந்தப் பிரிவில் கிடைத்தது என்று பார்த்தாலே, கையில் இருப்பது முன்வடிவா சட்டமா என்பது தெரிந்துவிடும்.

அரசிதழில் வந்த சட்டமும் அப்படியே நிலைத்திருக்கும் என்று கொள்ள முடியாது. 2021 பிப்ரவரி 26 அன்று, தேர்தல் அட்டவணை வெளியான அதே நாளில், வன்னியர்களுக்கு 10.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் முன்வடிவு நிறைவேறியது. அது சட்டமாகி, அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையால் ரத்தாகி, 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றத்திலும் அந்த முடிவு உறுதியானது. இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்திலும், திறன் விளையாட்டுகளான ரம்மியையும் போக்கரையும் தடைப்பட்டியலில் சேர்த்தது செல்லாது என்று 2023 நவம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டு வெளியான அரசிதழ்ப் படியை இன்று எடுத்துப் பார்த்தால் அந்த இரு பெயர்களும் பட்டியலில் அப்படியே இருக்கும். தீர்ப்பையும் அதன் மேல்முறையீட்டின் நிலையையும் உடன் வைத்துக்கொண்டுதான் அந்தப் படியைப் படிக்க வேண்டும்.