வைக்கோலைக் கொளுத்தாமல் இரண்டு மாதத்தில் மக்கு உரம்

பர்மாவில் பெகு பக்கம் கார்த்திகையில் நெல் அறுப்பு முடிந்தால் ராத்திரியில் வயலெல்லாம் தீ. ஈரம் காய்வதற்குள் உளுந்து தெளிக்க வேண்டும், வைக்கோலை அள்ள ஆள் கிடைப்பதில்லை. அந்த உளுந்து கப்பலேறித் தமிழ்நாட்டில் இட்லியாவதில் நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் வைக்கோலில் இருக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) பெரும்பாலும் புகையோடு போய்விடுகிறது. நாலு வண்டி வைக்கோலையாவது மேட்டில் ஒதுக்கி வையுங்கள். சும்மா குவித்தால் மக்க ஆறு மாதம்கூட ஆகலாம். நுண்ணுயிர்க் கரைசல் விட்டுப் பக்குவமாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு மாதம் போதும்.

கடையில் "அணுசீவ" என்று கேளுங்கள், பர்மியத்தில் நுண்ணுயிர் என்று அர்த்தம். பாலி வழியாகப் பர்மியத்துக்குப் போன நம் அணுவும் ஜீவனும்தான் அது. நான் சொல்லப்போவது ஈ.எம். (Effective Microorganisms, பயன்தரும் நுண்ணுயிர்க் கலவை) கரைசல். ஜப்பானில் பேராசிரியர் தெருவோ ஹிகா 1980களில் உருவாக்கியது. தயிரைப் புளிக்கவைக்கும் வகை பாக்டீரியா, ஈஸ்ட், ஒளிச்சேர்க்கை பாக்டீரியா எல்லாம் அதில் உறங்கிக்கிடக்கும். முதலில் அவற்றை எழுப்ப வேண்டும்.

மூடி போட்ட 20 லிட்டர் பிளாஸ்டிக் கேனில் 18 லிட்டர் தண்ணீர், 1 லிட்டர் ஈ.எம்., 1 கிலோ பனைவெல்லம் (அரை வீசைக்குக் கொஞ்சம் கூட, இங்கத்து வீசை 1.63 கிலோ). கிணற்றுத் தண்ணீர் நல்லது. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு ராத்திரி திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். நிழலில் ஏழு நாள் இருக்கட்டும். தினமும் மூடியைக் கொஞ்சம் திருகிக் காற்றை வெளியேற்றுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டவே வேண்டாம், வெடித்துவிடும். புளிப்பும் இனிப்புமாகக் கள் வாசனை வந்தால் தயார். அழுகல் நாற்றம் என்றால் கொட்டிவிடுங்கள்.

குவியலுக்கு எடைக்கணக்கில் வைக்கோல் மூன்று பங்கு, உளுந்துக்கொடி அல்லது பச்சைத் தழை ஒரு பங்கு, மாட்டுச்சாணம் ஒரு பங்கு. வைக்கோலில் கரிச்சத்து மிக அதிகம், தழைச்சத்து குறைவு. அதைச் சரிக்கட்டத்தான் பச்சையும் சாணமும். இவை இல்லாமல் எவ்வளவு கரைசல் ஊற்றினாலும் வேலை நடக்காது.

வைக்கோலை முந்தின நாளே நன்றாக நனைத்துவிடுங்கள். அடியில் காற்றோட்டத்துக்கு மூங்கில் கழிகளைப் பரப்பி, ஐந்தடி அகலத்தில் ஓரடி வைக்கோல், அதன்மேல் தழை, சாணம், கரைசல் என்று நாலைந்தடி உயரம் வரை அடுக்குங்கள். 200 லிட்டர் தண்ணீருக்கு 4 லிட்டர் கரைசல் போதும், பூவாளியால் தெளிக்கலாம்.

இனி ஈரம்தான் எல்லாம். உள்ளேயிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் இரண்டு மூன்று துளி கசிந்தால் சரியான பதம். தாரையாக ஒழுகினால் அதிகம், கை காய்ந்தே இருந்தால் குறைவு. முதல் வருஷம் நான் பிளாஸ்டிக் தார்ப்பாயால் இறுக்கமாகப் போர்த்திவிட்டேன். காற்றே போகாமல் உள்ளே கொழகொழவென்று அழுகி, பக்கத்தில் நிற்க முடியவில்லை. அதிலிருந்து வைக்கோல் அல்லது தென்னங்கீற்றுதான் போர்வை. மழை வந்தால் மட்டும் மேலே தார்ப்பாய், பக்கங்கள் திறந்தே இருக்கும்.

மூன்றாம் நாள் ஓர் இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவே செருகுங்கள். பத்து நிமிஷம் கழித்து உருவினால் கையில் பிடிக்க முடியாத சூடு இருக்க வேண்டும். 55 முதல் 65 டிகிரி நல்லது, களை விதைகளும் செத்துவிடும். 70ஐத் தாண்டினால் நுண்ணுயிர்களே சாகும், உடனே கிளறிவிடுங்கள். சூடே ஏறவில்லையா? ஈரமோ சாணமோ போதவில்லை என்று அர்த்தம்.

பத்து, பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை வெளிப்பக்கம் உள்ளே போகும்படி புரட்டி, காய்ந்த இடத்தில் கரைசல் தெளியுங்கள். பூஞ்சைத் தூள் பறக்கும், மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். வெள்ளை இழைகள் தெரிந்தால் பயப்படாதீர்கள், நல்ல பூஞ்சைதான்.

குவியல் பாதியாக இறங்கி, புரட்டினாலும் சூடு ஏறாமல், வைக்கோல் விரலில் நொறுங்கி, மழை பெய்த மண் வாசனை வந்தால் உரம் பழுத்துவிட்டது. அப்புறமும் அவசரப்படாமல் ஒரு தட்டில் உரத்தையும் மண்ணையும் பாதிப்பாதி கலந்து இருபது உளுந்து போடுங்கள், வெறும் மண்ணில் இன்னொரு இருபது. நாலைந்து நாளில் இரண்டும் ஒரே மாதிரி முளைத்தால் வயலுக்குக் கொண்டுபோகலாம். உரத்தட்டில் முளை கருகினால் இன்னும் இரண்டு வாரம் நிழலில் கிடக்கட்டும். வைகாசி மழைக்கு முன் முடிந்தால் போதும்.