மியூனிக் – வெனிஸ் கார்ப் பயணம்: முதலில் மலை நாளைக் குறியுங்கள்

மியூனிக்கில் காரை எடுத்து, ஆஸ்திரியா வழியாக ஆல்ப்ஸ் மலையைக் கடந்து, வெனிஸில் கொண்டுபோய் விட்டால் மொத்தம் சுமார் 500 கி.மீ. பெங்களூரிலிருந்து கன்னியாகுமரி போவதை விடவும் குறைவுதான். ஆனாலும் ஏழு இரவுகள் ஒதுக்கச் சொல்வதற்குக் காரணம், நடுவில் வரும் ஒரே ஒரு சாலை: ஆஸ்திரியாவின் க்ரோஸ்குளோக்னர் மலைச்சாலை. 1935 ஆகஸ்டில் திறந்த இந்தச் சாலையின் நீளம் 48 கி.மீ., கொண்டை ஊசி வளைவுகள் 36, ஹோக்டோர் கணவாயில் உயரம் 2,504 மீட்டர். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறியவர்களுக்கு இந்த 36 என்ற எண் பழக்கமானதாக இருக்கும். அங்கேயும் அதே கணக்குத்தான்.

விமான டிக்கெட், ஹோட்டல், விசா எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த மலையைக் கடக்கும் நாளைக் குறியுங்கள். பலரும் மலிவான டிக்கெட்டை முதலில் போட்டுவிட்டு, பிறகுதான் சாலை மூடியிருப்பதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

பெங்களூர்க் குடும்பங்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. பள்ளி விடுமுறை ஏப்ரல், மே. மலைச்சாலையோ பனியை வெட்டி எடுத்த பிறகு மே தொடக்கத்தில்தான் திறக்கும். இத்தாலிப் பக்கம் ட்ரே சீமே சிகரங்களுக்கு ஏறும் சாலை அதற்கும் பிந்தும். ஏப்ரலில் போனால் இந்த வழியே கிடையாது. தசரா விடுமுறை மிகப் பொருத்தம்: செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்தில் கூட்டம் குறைவு, வானம் தெளிவு, சாலை பெரும்பாலும் அக்டோபர் இறுதி வரை திறந்திருக்கும். ஒரே தொல்லை, அதே சமயத்தில்தான் மியூனிக்கில் அக்டோபர்ஃபெஸ்ட். செப்டம்பர் நடுப்பகுதிக்குப் பின் தொடங்கி அக்டோபர் முதல் ஞாயிறு வாக்கில் முடியும். அந்த நாட்களில் நகருக்குள் அறை தேடாதீர்கள். விமான நிலையத்தை ஒட்டிய ஃப்ரைசிங், எர்டிங் ஊர்களில் ஒரு இரவு தங்கினால் போதும்.

இரவுகளை இப்படிப் பிரியுங்கள்: ஜெர்மனியில் ஒன்று, மலையின் வட அடிவாரமான ஃபூஷ் அல்லது புரூக்கில் இரண்டு, இத்தாலியின் டொபியாக்கோவில் இரண்டு, வெனிஸில் இரண்டு. அடிவாரத்து இரண்டாம் இரவை மிச்சம் பிடிக்கப் பார்க்க வேண்டாம். மேகம் இறங்கிவிட்டால் மேலே பத்தடி தூரம் தெரியாது. கொடுத்த பணத்துக்கு வெள்ளைச் சுவர்தான் மிச்சம். முதல் காலை வானம் தெளிந்திருந்தால், பெட்டிகளை அறையிலேயே வைத்துவிட்டு மேலே போய்ச் சுற்றிவிட்டுத் திரும்புங்கள். மறுநாள் மிட்டர்சில் வந்து, சுமார் 5 கி.மீ. நீளமுள்ள ஃபெல்பர்டவர்ன் சுரங்கம் வழியாக, மலைக்குத் தெற்கே உள்ள லீன்ஸ் ஊருக்குப் போய்விடலாம். இரண்டாம் காலைதான் தெளிந்தது என்றால், பெட்டிகளோடு மலையையே கடந்துவிடுங்கள். இரண்டு நாளும் மழை என்றால் சுரங்கம் கைகொடுக்கும். அது ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும். இரண்டு வழிக்கும் தனிக் கட்டணம் உண்டு. மலைச்சாலைக்கு ஒரு காருக்கு நாள் சீட்டு 40 யூரோவுக்கு மேல்.

விசாவும் உரிமமும்

இறங்குவது ஜெர்மனி என்பதால் ஜெர்மன் விசா கேட்பது பரவலான தவறு. ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா விதிப்படி எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். மேலே சொன்ன கணக்கில் இத்தாலிக்கு நான்கு இரவு, எனவே இத்தாலி. நாட்கள் சமமாக வந்தால் மட்டுமே முதலில் நுழையும் நாடு. விண்ணப்பத்தை ஆறு மாதம் முன்பே கொடுக்கலாம். 15 நாளுக்குக் குறைந்தால் ஏற்க மாட்டார்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, அதற்கு மேல் விசா மையத்தின் சேவைக் கட்டணம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். விசா மையத்தில் நேரம் கிடைப்பதுதான் கடினம். அதை முதலில் பிடித்துவிட்டு, பிறகு தாள்களைச் சேருங்கள்.

சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஆர்.டி.ஓ. தரும். சாரதி இணையதளத்தில் படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். சில அலுவலகங்களில் மருத்துவச் சான்றும் கேட்பார்கள். உரிமத்தில் இன்னும் வேலூர், சேலம் முகவரியே இருந்தால், பெங்களூரில் எடுக்க முடியுமா, முகவரி மாற்ற வேண்டுமா என்பதை இரண்டு மாதம் முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள். அனுமதிச் சீட்டு மட்டும் போதாது. அசல் உரிம அட்டையும் கையில் வேண்டும். கார் வாடகை கவுண்டரில் டிஜிலாக்கர் செல்லாது.

நம்மவர்களுக்கே உரிய ஒரு பிரச்சினை பெயர். உரிமத்தில் ‘எஸ். குமரன்’, பாஸ்போர்ட்டில் ‘குமரன் சுப்பிரமணியன்’, கிரெடிட் கார்டில் வெறும் ‘குமரன்’ என்று இருக்கும். இனிஷியல் என்றால் என்ன என்று அங்கே கவுண்டரில் இருப்பவருக்குத் தெரியாது. மூன்றும் மூன்று ஆட்கள் என்றே நினைப்பார். அனுமதி எடுக்கும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர் வருகிறதா என்று பாருங்கள். புது கிரெடிட் கார்டு கேட்டால் அதிலும் முழுப் பெயரைப் போடச் சொல்லுங்கள்.

காரை எடுக்கும்போது

முன்பணத்தைப் பிடித்துவைக்க, ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும். ஃபாரெக்ஸ் கார்டு, டெபிட் கார்டு பெரும்பாலும் எடுபடாது. மனைவி கார்டு, கணவர் ஓட்டுகிறார் என்றாலும் மறுப்பார்கள். கிளம்பும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து, வரம்பையும் உயர்த்துங்கள்.

ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் விட்டால் தனிக் கட்டணம் போடுவார்கள். சில சமயம் அது வாடகையையே தாண்டும். வெனிஸிலிருந்தே ஊர் திரும்பப் போகிறீர்கள் என்றால் அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். மியூனிக் டிக்கெட் என்றால் காரை அங்கேயே திருப்பிவிடலாம், ஆனால் ஆஸ்திரியாவிலிருந்து ஜெர்மனிக்குள் நுழையும்போது கீஃபர்ஸ்ஃபெல்டன் எல்லைச் சோதனையில் வரிசை நிற்கும். அதற்கு இரண்டு மணி நேரம் கூடுதலாக வையுங்கள். இத்தாலிக்குக் கொண்டுபோவதை முன்பதிவிலேயே எழுதுங்கள். சில உயர்ரக வண்டிகளை அங்கே விடமாட்டார்கள். ஆட்டோமேட்டிக் என்று கேட்டு வாங்குங்கள். வலப்பக்கம் ஓட்டுவதே புதிது, அதோடு வலக்கையால் கியர் மாற்றும் வேலையும் வேண்டாம். வண்டியின் டிக்கியில் எச்சரிக்கை முக்கோணமும் ஒளிரும் மேலங்கியும் இருக்கின்றனவா பாருங்கள். ஆஸ்திரியாவில் மேலங்கி கட்டாயம். குழந்தை இருக்கை ஜெர்மனியிலும் இத்தாலியிலும் 150 செ.மீ. உயரம் வரை தேவை. பன்னிரண்டு வயதானால் ஜெர்மனியில் விலக்கு.

மியூனிக்கிலிருந்து ஏ8 நெடுஞ்சாலை, பிறகு ஏ93, எல்லை தாண்டியதும் குஃப்ஸ்டைன் தெற்கு வெளியேற்றம். அங்கே இறங்கி எல்மாவ், கிட்ஸ்பூல், மிட்டர்சில் வழியாகப் போனால் ஆஸ்திரிய நெடுஞ்சாலைக் கட்டணத்துக்கான வில்லையே (விக்னெட்) தேவையில்லை. எல்லையிலிருந்து அந்த வெளியேற்றம் வரை 2019 டிசம்பரிலிருந்து விலக்கு. ஆனால் அதைத் தவறவிட்டு நேரே போனால் கேமரா பிடித்துவிடும். சந்தேகம் இருந்தால் பத்து நாள் வில்லையை எல்லைக்கு முன் பெட்ரோல் பங்கில் வாங்கிவிடுங்கள்.

ஜெர்மனி, ஆஸ்திரிய நெடுஞ்சாலையில் வண்டிகள் தேங்கினால், ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே வழி விட வேண்டும்: இடது ஓரத் தடத்தில் இருப்பவர் இடப்பக்கம், மற்ற எல்லோரும் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். ஹாரன் கேட்ட பிறகு ஒதுங்கும் நம் ஊர்ப் பழக்கம் அங்கே அபராதம்.

மலை ஏறும் நாள்

காலை எட்டு மணிக்குள் ஃபெர்லைடன் சுங்கத்தைத் தாண்டுங்கள். மதியத்துக்குமேல் மேகம் கூடும், வாகன நிறுத்தமும் நிறைந்துவிடும். வளைவுகளுக்கு எண்ணும் உயரமும் பலகையில் எழுதியிருப்பார்கள்; பிள்ளைகளை எண்ணச் சொல்லலாம். 2,571 மீட்டரில் எடெல்வைஸ்ஷ்பிட்சே காட்சிமேடை, அதன்பின் கணவாய், பிறகு பிரியும் கிளைச்சாலையில் 2,369 மீட்டரில் ஃப்ரான்ஸ் யோசெஃப் மேடு. அங்கிருந்து பாஸ்டெர்சே பனியாறும், எதிரே 3,798 மீட்டர் க்ரோஸ்குளோக்னரும் தெரியும். கிளைச்சாலைதானே என்று இதை விட்டுவிடாதீர்கள்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் கவனம். வெளியூர் வண்டிகளைக் கல்லட்டியில் இறங்க விடாததற்கு என்ன காரணமோ, அதே காரணம் இங்கும் உண்டு: சரிவு 12 சதவீதம் வரை. ஆட்டோமேட்டிக்கை ‘டி’யிலேயே விட்டு, பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால் தட்டு சூடேறும், திரவம் கொதிக்கும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். சரிவு தொடங்கும் முன்பே ‘எம்’முக்குத் தள்ளி இரண்டாம் கியரில் வையுங்கள். இன்ஜின் இரைச்சல் கூடும்; அது கெடுதல் இல்லை, வண்டியைப் பிடித்து நிறுத்துவதே அந்த இரைச்சல்தான். வளைவுக்கு முன் பிரேக்கை அழுத்தமாக, சுருக்கமாகப் போட்டு விடுங்கள். கருகிய வாசனை வந்தால் ஓரம் நிறுத்தி, ‘பி’யில் போட்டு, கைப் பிரேக் போடாமல் அரைமணி ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றினால் தட்டு வளைந்துவிடும்.

ஹைலிகென்ப்ளூட் இறங்கி லீன்ஸ் வந்ததும் டாங்க்கை நிரப்புங்கள், இத்தாலியைவிட அங்கே பொதுவாக மலிவு. பங்கில் எரிபொருள் ஊற்றும் குழாய் முனையின் நிறத்தை நம்பாதீர்கள். வட்டத்துக்குள் ஈ5, ஈ10 என்றால் பெட்ரோல், சதுரத்துக்குள் பி7 என்றால் டீசல். இத்தாலியில் ‘கசோலியோ’ என்பது டீசல்! ‘செர்விதோ’ என்ற வரிசையில் ஆள் வந்து போடுவார், விலை கூடுதல்.

இத்தாலிப் பக்கம்

டொபியாக்கோவிலிருந்து மிசுரினா ஏரி அரைமணி. அதற்கு மேலே ட்ரே சீமே அடிவாரத்து 2,320 மீட்டர் விடுதி வரை ஏறும் கட்டணச் சாலைக்கு 2025 கோடையிலிருந்து இணைய முன்பதிவு கட்டாயம். போய் நின்று கேட்டால் திருப்பி அனுப்புவார்கள். பிறகு கோர்டினா, அங்கிருந்து எஸ்எஸ்51 சாலையில் தெற்கே. லொங்கரோனே ஊரைக் கடக்கும்போது இடப்பக்க மலையிடுக்கில் வயோந்த் அணையின் சுவர் தெரியும். 1963 அக்டோபர் 9 இரவு மலை சரிந்து நீர்த்தேக்கத்தில் விழ, அணையைத் தாண்டிய வெள்ளத்தில் ஏறத்தாழ 2,000 பேர் இறந்தார்கள். சுவர் இன்றும் நிற்கிறது. சற்றே நிறுத்திப் பார்க்க வேண்டிய இடம்.

ஏ27 நெடுஞ்சாலைச் சுங்கத்தில் நுழையும்போது சீட்டு எடுத்து, வெளியேறும்போது கட்டணம். நம் ஊர் ஃபாஸ்டாக் மாதிரியான டெலிபாஸ் உள்ளவர்களுக்கான மஞ்சள் தடத்துக்குள் போகாதீர்கள். ஊர்களுக்குள் சிவப்பு வட்டத்தோடு ‘சோனா த்ராஃபிகோ லிமிதாத்தோ’ என்ற பலகை இருந்தால் உள்ளே போகவே கூடாது; வழிகாட்டிச் செயலி உள்ளே போகச் சொன்னாலும் போகாதீர்கள். அபராதம் மாதங்கள் கழித்து வாடகை நிறுவனம் வழியாக, அவர்கள் கட்டணத்தோடு சேர்ந்து வரும். தரையில் நீலக் கோடு காசு கொடுக்கும் நிறுத்தம், வெள்ளை இலவசம், மஞ்சள் உள்ளூர்க்காரர்களுக்கு.

சாப்பாட்டுக்குப் புளிக்காய்ச்சல், தொக்கு, பருப்புப் பொடி எடுத்துப் போகலாம். நெய், பால் பொருட்கள், இறைச்சி ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிறு கடைகள் அடைப்பு. ரொட்டி, தயிர், பழம் சனிக்கிழமை மாலைக்குள் வாங்கிவிடுங்கள்.

வெனிஸுக்குள் கார் போகாது; பாலம் முடியும் பியாத்சாலே ரோமாவோடு சாலை முடிந்துவிடும். அங்கே திருப்பிக் கொடுக்கலாம், ஆனால் மலிவும் வசதியும் மெஸ்த்ரே ரயில் நிலையப் பக்கம். டாங்க்கை நிரப்பி, வண்டியின் நான்கு பக்கமும் சக்கரங்களும் தெரிய வீடியோ எடுத்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள். அங்கிருந்து வெனிஸுக்கு ரயிலில் பத்து நிமிடம்.