நடிகரைக் கொல்லும் முன் சாவி யாரிடம் என்று கேளுங்கள்

போன மாதம் நாலு பேர் துப்பறியும் நாவல் எழுதிப் படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள். நாலிலும் வரிசையாகச் சாவது பிரபலங்கள்தான்: ஒரு நடிகர், ஒரு பாடகி, ஒரு கிரிக்கெட் வீரர், ஒரு டிவி தொகுப்பாளர். அதில் இரண்டு கதை காரைக்குடிப் பக்கம் நடக்கிறது. படிக்கப் படிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது, ஏனென்றால் பத்து வருடம் முன்னால் நான் எழுதிய அதே அபத்தங்கள், வரி மாறாமல். எழுத்துப்பிழை, கால மயக்கம் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். நான் வேறு சிலதைச் சொல்கிறேன்.

கொலைகாரனின் சின்ன வயசு

அப்பா பெல்ட்டால் அடித்தார் என்பது காரணம் ஆகாது. அடுத்தது.

நிஜ நடிகரின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றுவது

வேண்டாம். வக்கீல் நோட்டீஸ் வரும்.

எட்டி உதைத்தால் திறக்கும் கதவு

இதை நினைத்தால் இன்னும் எனக்கு எரிச்சல் வருகிறது. என் முதல் நாவலில் படப்பிடிப்புக்கு வந்த நடிகர் காரைக்குடிப் பக்கத்து கானாடுகாத்தானில் ஒரு பெரிய செட்டிநாட்டு வீட்டின் அறையில் செத்துக் கிடப்பார், கதவு உள்ளே தாழிட்டிருக்கும், இன்ஸ்பெக்டர் எட்டி ஒரு உதை விடுவார், கதவு பிளந்துகொள்ளும். சொந்தக் காசில் 500 பிரதி அடித்தேன். முதல் பிரதியைப் பெருமையாகக் கொண்டுபோய், அந்த மாதிரி ஒரு வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் கொடுத்தேன். அவர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு எழுந்துபோய், வளவில், அதாவது உள்முற்றத்தில், இருந்த ஓர் அறைக்கதவை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். பர்மா தேக்கு. கல்லைத் தட்டினது மாதிரிச் சத்தம். "தம்பி, இத உதைச்சா உங்க இன்ஸ்பெக்டருக்குக் கால்தான் ஒடியும்" என்றார்.

சரி, கதவு போகட்டும். அப்புறம் அவர் கேட்டதுதான் என் கதையையே சாய்த்தது: "அந்த அறை எந்தப் புள்ளிக்கு உள்ளது? சாவி யார்கிட்ட இருந்துச்சு?" புள்ளி என்றால் கல்யாணமான ஒரு தம்பதியின் குடும்பம்.

இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த வீடுகள் ஒருவருடைய சொத்தாக இருப்பது அபூர்வம். வளவைச் சுற்றியிருக்கும் அறைகள் கல்யாணமான ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தவை, அவரவர் சாமான் உள்ளே, அவரவர் பூட்டு வெளியே. ஒரு சாவி சென்னையில் இருக்கும், ஒன்று மலேசியாவில், ஒன்று யாரிடம் என்று பங்காளிகளுக்கே தெரியாது. படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடும்போது முகப்பு, பட்டாலைக் கூடம், வளவு எல்லாம் கிடைக்கும், எல்லா அறையும் கிடைக்காது. போதாததற்கு வீடு ஒரு தெருவில் ஆரம்பித்து, கட்டுக் கட்டாகப் போய் அடுத்த தெருவில் முடியும். முன்வாசலில் நீங்கள் எத்தனை பவுன்சரை நிறுத்தினாலும், பின்வாசல் வழியாகப் பாத்திரம் தேய்க்கிறவர், தண்ணீர் கேன் போடுகிறவர், ஜெனரேட்டர் ஆள் என்று நாள் முழுக்க யாராவது வந்துபோய்க்கொண்டே இருப்பார்கள், ஒருவரும் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை.

பிரபலத்தைக் கொல்வதில் உள்ள சிக்கலே இதுதான். அவர் தனியாக இருப்பதே இல்லை. மேனேஜர், டிரைவர், மேக்கப்மேன், குடை பிடிக்கும் பையன், செல்ஃபிக்கு நிற்கும் கூட்டம். இவ்வளவு பேரைத் தாண்டிக் கொலைகாரன் எப்படிக் கிட்டே போனான் என்பதுதான் கதை. நான் அதை ஒரு வரியில் தாண்டினேன்: "நிழல்போல் உள்ளே நுழைந்தான்." வந்த நாலு கைப்பிரதியில் மூன்றில் இதே நிழல் நுழைகிறது! நிழலுக்குச் சாவி யார் கொடுத்தது? இதற்கு விடை எழுதாமல் இரண்டாவது அத்தியாயத்துக்குப் போகாதீர்கள். எனக்கு அந்த விடை இல்லாததால் 400 பிரதி இன்னும் பரண்மேல் கிடக்கிறது.

முதல் பிணத்திலேயே "தொடர் கொலை" என்று கத்துவது

நடிகர் செத்தால் அரை மணி நேரத்தில் எல்லா சேனலிலும் ஓடும். இரண்டாவது நடிகரும் கொலை என்று தெரிந்தால் மூன்றாமவர் வீட்டைவிட்டு வெளியே வரவே மாட்டார், உங்கள் ஆள் யாரைக் கொல்வான்? அதனால் முதல் இரண்டும் மாரடைப்பாகவோ தவறி விழுந்ததாகவோ தெரியட்டும். கானாடுகாத்தான் சிவகங்கை மாவட்டம். அதே சாலையில் காரில் கொஞ்ச நேரம் போனால் திருமயம், அது புதுக்கோட்டை மாவட்டம், வேறு எஸ்.பி. இரண்டு சாவும் இரண்டு ஸ்டேஷன் ஃபைலில் தனித்தனியாகக் கிடக்கும். அவற்றைச் சேர்த்துப் பார்க்கிறவர்தான் உங்கள் துப்பறிவாளர்.

302

கதை 2024 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ நடந்தால் கொலைக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302 இல்லை, பிரிவு 103, பாரதிய நியாய சன்ஹிதா. சந்தேக மரணம் என்றால் 194, அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174.

"சரியாக இரவு 11.40-க்கு இறந்திருக்கிறார்"

எந்த டாக்டரும் குனிந்து பார்த்த மாத்திரத்தில் இப்படிச் சொல்ல மாட்டார். நேரத்தை ஓர் இடைவெளியாகத்தான் சொல்வார்கள். நம்மூர் மே மாத வெயிலில் உடல் குளிர்ந்த அளவை வைத்துக் கணக்குப் போடுவதும் கஷ்டம், விறைப்பு சீக்கிரம் வந்து சீக்கிரம் விலகும், அழுகலும் முந்திக்கொள்ளும். அந்த இடைவெளிக்குள்தான் நாலு பேர் பொய் சொல்ல முடியும், அதை ஏன் நீங்களே அடைக்கிறீர்கள்?

கடைசி அத்தியாய வாக்குமூலம்

ஸ்டேஷனில் உட்கார்ந்து கொலைகாரன் ஆறு பக்கம் பேசி முடித்ததும் கேஸ் முடிந்தது என்று எழுதுகிறீர்கள். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது. ஆனால் அவன் சொன்ன தகவலால் ஒரு பொருள் கிடைத்தால், தகவலில் அந்தப் பொருளோடு நேராகச் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். எனவே சாவியை எந்த ஊருணியில் எறிந்தான் என்று அவனையே கூட்டிப்போய்க் காட்டவையுங்கள். கதையைச் சித்திரையில் வைத்தால் வசதி, தண்ணீர் வற்றியிருக்கும், தேடி எடுக்க ஆள் இறங்கலாம்.