வீட்டில் செய்த சாண்ட் பிளாஸ்டிங் கருவியால் பழைய காரின் துருவை எடுக்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கிருஷ்ணகிரி, ஓசூர், தர்மபுரிப் பக்கம் பழைய அம்பாசடரோ பிரீமியர் பத்மினியோ இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. தாத்தா ஓட்டிய வண்டி மாந்தோப்புக் கொட்டகையில் நிற்கும். இல்லையென்றால் பெங்களூரில் யாரிடமோ வாங்கி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தார்ப்பாய் போட்டு மூடியிருக்கும். அதை மறுபடி ரோட்டில் இறக்க நினைத்தால் முதல் வேலை துருவை எடுப்பதுதான். எமரி பேப்பரால் நாலு நாள் தேய்த்துக் கை ஓய்ந்ததும் சாண்ட் பிளாஸ்டிங், அதாவது அழுத்தக் காற்றோடு மணலையோ குருணையையோ வேகமாக அடித்துத் துருவை எடுக்கும் முறை, ஞாபகம் வரும். நம் ஊரில் வெல்டிங் பட்டறைக்கும் லேத் பட்டறைக்கும் குறைவில்லை. ஒரு கம்ப்ரசர், ஒரு ஹோஸ், ஒரு நாசில் (காற்று பீய்ச்சும் முனை) கிடைத்தால் கருவியை நாமே செய்துவிடலாம்.

செய்யலாம்தான், நன்றாகவும் வேலை செய்யும். ஆனால் இதில் செய்யும் சில தவறுகள் தகட்டைக் கெடுக்கும், சில தவறுகள் ஆளையே கெடுத்துவிடும். இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கிரஷர் தூளை எடுத்து அடிப்பது

நம் மாவட்டத்தில் கல் குவாரியும் கிரஷரும் கிரானைட் அறுக்கும் பட்டறையும் நிறைய. எம்-சாண்ட் ஒரு போன் செய்தால் வீட்டு வாசலில் வந்து கொட்டும். கிரஷர் தூளைப் பல இடங்களில் சும்மாவே அள்ளிக்கொள்ளலாம். அதனால் 'ஆற்று மணல்தான் கெடுதல், இது கல்லை உடைத்த தூள்தானே' என்று சல்லடையில் சலித்து பக்கெட்டில் போட்டுவிடுகிறார்கள்.

இது தவறு. கிரானைட்டில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு குவார்ட்ஸ், அதாவது படிக சிலிக்கா. ஆற்று மணலில் எந்தச் சரக்கு கெடுதலோ, அதே சரக்குதான் கிரஷர் தூளிலும் இருக்கிறது. அதை வேகமாகத் தகட்டில் மோதவிடும்போது ஒவ்வொரு மணியும் உடைந்து பொடியாகிறது. கண்ணில் உறுத்துகிற பெரிய தூசியால் அவ்வளவு ஆபத்தில்லை. பத்து மைக்ரானுக்கும் சிறிய துகள்தான் நுரையீரலின் அடிவரை போய் உட்காரும். தலைமுடியின் தடிமனே ஏறக்குறைய 70 மைக்ரான் என்றால் அது எவ்வளவு சிறியது என்று பாருங்கள். உள்ளே போனது திரும்பி வராது. நுரையீரல் தழும்பு பிடித்து இறுகிப்போகும். சிலிகோசிஸ் என்கிற இந்த நோய்க்கு இன்றுவரை குணப்படுத்தும் மருந்து இல்லை. 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய்களில் ஒன்றாக இது இடம்பெற்றது. படிக சிலிக்காத் தூசி புற்றுநோயும் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1997-லேயே சொல்லிவிட்டது. 'ஒரே ஒரு கார்தானே' என்று நினைக்காதீர்கள். மூடிய ஷெட்டில் வாரக்கணக்கில் அடிக்கும் ஆளுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு அடிப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. துண்டு இந்தத் தூசியைத் தடுக்காது. மெடிக்கலில் வாங்கும் சாதா மாஸ்க்கும் தடுக்காது.

மணலுக்குப் பதிலாக கார்னெட் என்கிற கனிமக் குருணை வாங்குங்கள். செம்பழுப்பு நிறத்தில் இருக்கும். 80 மெஷ் (சல்லடைக் கண் கணக்கு) அளவு கார் வேலைக்குச் சரியாக இருக்கும். விலை கூடத்தான், ஆனால் சலித்துச் சலித்து மூன்று நான்கு முறை அடிக்கலாம். அலுமினியம் ஆக்சைடும் நல்லது, அது இன்னும் கடினம். ஓசூர் சிப்காட்டைச் சுற்றி இயந்திர பாகம் செய்யும் பட்டறைகள் அதிகம். அவர்களுக்குச் சப்ளை செய்யும் கடைகளில் கேட்டால் இவை கிடைக்கும். சோடா உப்பு அடிக்கும் முறை ஒன்றும் இருக்கிறது. அது பெயின்ட்டை எடுக்கும், துருவை எடுக்காது.

கார்னெட் போட்டாலும் தூசி தூசிதான். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரேக் டிரம்முக்குள் காற்றே அடிக்காதீர்கள், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். பிளாஸ்டிங்குக்குச் சரியான பாதுகாப்பு, தனிக் குழாயில் சுத்தமான காற்று வருகிற தலைக்கவசம். அந்தக் காற்றை அதே கம்ப்ரசரிலிருந்து இழுத்துக்கொள்ளலாமே என்று சிலருக்குத் தோன்றும். ஆயில் போட்டு ஓடும் கம்ப்ரசரில் எண்ணெய்ப் புகையும், சூடேறினால் கார்பன் மோனாக்சைடும் வரும். மூச்சுக்கு அது ஆகவே ஆகாது.

தலைக்கவசம் வாங்க முடியாதவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. கருவியைச் செய்யும் ஆர்வத்தை ஒரு பெட்டி செய்வதில் காட்டுங்கள். பிளைவுட்டில் பெட்டி, மேலே கண்ணாடி, கை நுழைக்க இரண்டு நீள ரப்பர் கையுறை, பின்னால் தூசியை இழுக்க வேக்கம். சின்னச் சாமான்கள் முழுவதும் அதற்குள்ளேயே முடிந்துவிடும். தூசியும் பெட்டியோடு நின்றுவிடும்.

கேஸ் சிலிண்டரை அறுத்து டேங்க் செய்வது

வீட்டில் செய்யும் கருவியில் இரண்டு வகை. ஒன்று உறிஞ்சும் கன். காற்று வேகமாக நாசில் வழியே போகும்போது அங்கே அழுத்தம் குறைந்து, பக்கெட்டில் இருக்கும் குருணையை அது குழாய் வழியாக இழுத்துக்கொள்ளும். இன்னொன்று பிரஷர் டேங்க். டேங்குக்குள்ளேயே குருணையைப் போட்டு, காற்றை ஏற்றி வெளியே தள்ளுவது. டேங்க் வகை நாலு மடங்கு வேகமாக வேலை முடிக்கும் என்பதால் எல்லோருக்கும் அதில்தான் கண். டேங்குக்குப் பழைய கேஸ் சிலிண்டர், இல்லையென்றால் தீயணைப்பான்.

இதைச் செய்யாதீர்கள். காலி என்று நினைத்த சிலிண்டரில் மிச்ச வாயு இருக்கும், அறுக்கும்போதே வெடிக்கலாம். வீட்டு கேஸ் சிலிண்டர் எண்ணெய்க் கம்பெனியின் சொத்து என்பதால் அதை வெட்டுவதே சட்டப்படி தவறு. சரி, எப்படியோ செய்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். துளை போட்டு பைப் வெல்டிங் வைத்த இடம் பலம் குறைந்துபோகும். உள்ளே ஓடும் குருணை ஒவ்வொரு தடவையும் சுவரைத் தேய்க்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே தகடு மெலிந்துகொண்டு வரும். தண்ணீர் நிரம்பிய டேங்க் விட்டால் ஒழுகும். காற்று நிரம்பிய டேங்க் விட்டால் வெடிக்கும், அதன் துண்டு ஒவ்வொன்றும் குண்டாகப் பாயும். காற்று லைனுக்கு பிவிசி பைப் போடுவதும் இதே ரகம்தான், உடைந்தால் கத்தி கத்தியாகச் சிதறும்.

வீட்டில் செய்வது என்றால் உறிஞ்சும் கன் போதும். மெதுவாகத்தான் போகும், போகட்டும். டேங்க்தான் வேண்டும் என்றால் சோதனை செய்து, சேஃப்டி வால்வும் மீட்டரும் வைத்து விற்பதை வாங்குங்கள்.

கம்ப்ரசர் தாங்காதது

பஞ்சர் கடைக் கம்ப்ரசரை வைத்துத் தொடங்கிவிட்டு, 'கருவி சரியில்லை' என்று நாசிலைக் குறை சொல்வார்கள். கணக்கைப் பாருங்கள். 3 மில்லிமீட்டர் நாசிலில் 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அடிக்க நிமிஷத்துக்கு ஏறக்குறைய 17 கன அடி காற்று வேண்டும். 2 ஹெச்பி கம்ப்ரசர் கொடுப்பது ஏழு எட்டு. டேங்கில் சேர்ந்த காற்று அரை நிமிஷம் வேகமாக வரும், அப்புறம் இறங்கிவிடும். நிறுத்தி நிறுத்தித்தான் அடிக்க வேண்டும், அல்லது பெரிய கம்ப்ரசரை வாடகைக்கு எடுக்க வேண்டும்.

லேத்தில் சாதா இரும்பில் துளை போட்ட நாசில் சீக்கிரம் தேயும். துளை ஒன்றரை மடங்கு அகலமானால் காற்றுச் செலவு இரண்டு மடங்கைத் தாண்டும். காலையில் நன்றாக அடித்த கன் சாயங்காலம் தும்முவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். செராமிக் நாசில் வாங்கிப் பொருத்துங்கள்.

அடுத்தது ஈரம். கம்ப்ரசர் சூடாகி வரும் காற்றில் நீராவி இருக்கும். தண்ணீர் பிரிக்கும் ட்ராப்பைக் கம்ப்ரசர் வாயிலேயே மாட்டினால் நீராவி பிரியாமல் அப்படியே தாண்டிப் போய், ஹோஸில் குளிர்ந்து, கார்னெட்டைக் கட்டியாக்கிவிடும். ஏழெட்டு மீட்டர் பைப்பைத் தண்ணீர் டிரம்முக்குள் சுருட்டி விட்டு, காற்று குளிர்ந்தபின் ட்ராப்பை மாட்டுங்கள். ஓசூர்ப் பக்கம் பனிக்காலக் காலையிலும், ஐப்பசி மழையிலும் இந்த வேலையை எடுக்காமல் இருப்பதே நல்லது.

பானட்டிலும் கூரையிலும் அடிப்பது

தகட்டைக் கெடுக்கும் தவறுகளில் இதுதான் பெரியது. பழைய வண்டித் தகடு கெட்டி என்று ஒரு பேச்சு உண்டு. கெட்டிதான், ஆனாலும் ஒரு மில்லிமீட்டர் சுற்றித்தான் இருக்கும். அகலமான தட்டைப் பரப்பில் அடித்தால் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி தகடு நெளிந்துவிடும். சூட்டினால் நெளிகிறது என்று நினைத்துத் தண்ணீரில் நனைத்துக்கொண்டே அடிப்பவர்கள் உண்டு. சூடு முக்கியக் காரணம் இல்லை. ஒவ்வொரு மணியும் தகட்டை ஒரு குட்டிச் சுத்தியலாகத் தட்டுகிறது. தட்டு வாங்கும் பக்கம் மட்டும் விரிய, பின்பக்கம் விரியாமல் நிற்க, தகடு கன் இருக்கும் பக்கமாக உப்பிக்கொண்டு வரும். அப்படி உப்பிய கூரையைப் பழைய நிலைக்குக் கொண்டுவர நல்ல டிங்கர்களே திணறுவார்கள். வெயிலில் சாய்வாகப் பார்த்தால் அலை அலையாகத் தெரிந்துகொண்டே இருக்கும்.

ஆகவே பானட், கூரை, டிக்கி மூடி, கதவின் வெளித்தகடு இவற்றில் கன்னைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே பெயின்ட் ரிமூவர் தடவிச் சுரண்டுங்கள், கிரைண்டரில் நார் டிஸ்க் போட்டு மெதுவாக ஓட்டுங்கள், குழிக்குள் மிச்சமுள்ள துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி வையுங்கள். பிளாஸ்டிங் கெட்டியான சாமான்களுக்கு மட்டும்: சக்கர ரிம், ஆக்சில் கூடு, சஸ்பென்ஷன் ஆர்ம், பிராக்கெட், கீல், கதவின் உள்விளிம்பு. ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அதில் சேசிஸ் (அடிச்சட்டம்) தனி, பாடி தனி. பாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சேசிஸைத் தாராளமாக அடிக்கலாம். அம்பாசடரிலும் பத்மினியிலும் எல்லாம் ஒரே கூடு என்பதால் பார்த்துப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும்.

மெல்லிய இடத்தில் அடித்தே ஆக வேண்டும் என்றால் அழுத்தத்தை 30, 40 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள். கன்னை ஒரு அடி தள்ளிச் சாய்வாகப் பிடியுங்கள், ஒரே இடத்தில் நிற்காதீர்கள். நேராகக் குத்தினால் துருவோடு தகடும் அடி வாங்கும்.

நட்டு, போல்ட் போன்ற சின்னச் சாமானுக்குப் பிளாஸ்டிங்கே தேவையில்லை. புளிக்கு நம் பக்கம் என்ன பஞ்சம்? கெட்டியாகக் கரைத்து ராத்திரி முழுக்க ஊறப்போட்டு பிரஷால் தேய்த்தால் துரு கழன்றுவிடும். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் செய்கிற வேலை அது. சிட்ரிக் ஆசிட்டும் ஆகும், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம். கட்டுப்பட்டையையும் (லீஃப் ஸ்பிரிங்) சுருள் ஸ்பிரிங்கையும் மட்டும் அமிலத்தில் போடாதீர்கள். ஹைட்ரஜன் உள்ளே இறங்கி, பிறகு ஓட்டத்தில் ஒடியலாம்.

அடிக்கும் முன் செய்யாமல் விடுவது

கிரீஸ் பிடித்த ஆக்சிலை அப்படியே அடிக்கக் கூடாது. எண்ணெய் போகாது, குருணையோடு சேர்ந்து இரும்பின் குழிகளுக்குள் அழுந்திவிடும். பெயின்ட் அதன்மேல் ஒட்டாது. முதலில் கழுவி, தின்னர் துணியால் துடையுங்கள். தகட்டின் பள்ளத்தை நிரப்பப் பூசிய பழைய பட்டியையும் ஸ்கிரேப்பரால் சுரண்டி எடுத்துவிடுங்கள், கார்னெட்டை வீணாக்காதீர்கள்.

அப்புறம் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வாருங்கள். கால்மிதிக்கு அடியில் தரை, கதவுக்குக் கீழே 'சில்' என்கிற நீளமான பெட்டிப் பகுதி, டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் குழி, ஹெட்லைட்டுக்குப் பின்னால் மட்கார்டு ஆகிய இடங்களில் முனையால் குத்திப் பாருங்கள். நல்ல தகடு டிங் என்று சத்தம் கொடுக்கும். பெயின்ட் மட்டுமே தாங்கி நிற்கும் இடத்தில் முனை சத்தமில்லாமல் உள்ளே போய், பழுப்புச் செதில் கொட்டும். அங்கே பிளாஸ்டிங் செய்தால் சல்லடைதான் மிஞ்சும். அதை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைப்பதுதான் வேலை.

கண்ணாடி, ரப்பர், வயரிங், குரோம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பெட்ரோல் டேங்க்கைக் கட்டாயம் இறக்கி வேறு இடத்தில் வையுங்கள். குருணை ஓடும் ஹோஸில் நிலைமின்சாரம் சேரும், பொறி தட்டும். அதனால் கன்னையும் வண்டியையும் ஒயரால் எர்த் செய்துகொள்ளுங்கள். எஞ்சினை இறக்கவில்லை என்றால் கார்பரேட்டர் வாய், பிரீதர், ஸ்டியரிங் பாக்ஸ், பேரிங் எல்லாம் டேப் சுற்றி இறுக்கி மூடுங்கள். ஒரு சிட்டிகை கார்னெட் பேரிங்குக்குள் போனாலும் அது போச்சு.

முடித்தபின் போட்டுவைப்பது

அடித்து முடித்த இரும்பு மங்கலான வெள்ளைச் சாம்பல் நிறத்தில், பளபளப்பே இல்லாமல் இருக்கும். அந்த நேரத்தில் அதற்குப் பாதுகாப்பு எதுவும் இல்லை. வெறும் கையால் தொட்டால் மறுநாள் விரல் அடையாளம் துருவாகத் தெரியும். 'காலையில் பிரைமர் அடிக்கலாம்' என்று விட்டால் விடியும்போது மஞ்சள் பூத்திருக்கும். போர் தண்ணீரில் கழுவுவது இன்னும் மோசம், நம் பக்கத்து உப்புத் தண்ணீர் இரும்பின்மேல் உப்பைப் படியவிட்டுத்தான் காயும். உலர்ந்த காற்றால் ஊதி, சுத்தமான துணியில் தின்னர் தொட்டுத் துடைத்து, அன்றைக்கே இரண்டு பாகம் கலக்கும் எபாக்சி பிரைமர் அடித்துவிடுங்கள். சாதா ரெட் ஆக்சைடு ஈரத்தை முழுசாகத் தடுக்காது. பட்டியை வெறும் இரும்பின்மேல் பூசாதீர்கள், அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பிரைமருக்கு மேல்தான் பட்டி.

சில்லுக்குள்ளும் கதவுக்குள்ளும் போன குருணையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது அங்கேயே கிடந்து, மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து, உள்ளிருந்து அரிக்கும். கீழே இருக்கும் வடிகால் ஓட்டைகளைத் திறந்து, ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி, வேக்கம் போட்டு உறிஞ்சுங்கள். தட்டும்போது ஒன்றும் உதிராமல் நிற்கும்வரை விடாதீர்கள். அப்புறம் உள்ளே துருவைத் தடுக்கும் கேவிட்டி மெழுகைப் பீச்சிவிடுங்கள்.

தரையில் தார்ப்பாய் விரித்துத்தான் அடிக்க வேண்டும், கழிவைக் கூட்டாமல் லேசாக நனைத்து அள்ள வேண்டும். பெயின்ட் தூள் கலந்த குருணையை ஏரிக்கரையிலோ தோட்டத்திலோ கொட்டாதீர்கள், அதில் ஈயம் இருக்கலாம். சாக்கில் இறுக்கிக் கட்டித் தனியாக வைத்து, தொழிற்சாலைக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். போட்டிருந்த சட்டையை ஷெட்டிலேயே மாற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் போக வேண்டும், அந்தத் துணியைக் குழந்தைகள் துணியோடு சேர்த்துத் துவைக்கவும் கூடாது.